கடலடியில் ஒரு கோயிலும் ஒரு கப்பலும்

"குளித்தல்" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கெல்லாம் கிணற்றடியும் செம்பும் சீயக்காயுந்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் தென்பாண்டிக் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கம்பீரமான பொருள் உண்டு. முத்துக் குளிக்கப் போனவன் உடம்பு அழுக்கைப் போக்கிக்கொள்ளப் போகவில்லை. கடலுக்குள் முழுகி, அடித்தரையைத் தொட்டு, கைக்கு அகப்பட்டதை வாரிக்கொண்டு, உயிரோடு மேலே வருவதற்குத்தான் அங்கே குளிப்பு என்று பெயர். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு அவன் இறங்குவான். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். அதற்குள் எல்லாம் முடிந்து தோணிக்குத் திரும்பிவிட வேண்டும். சுறா மீன்களின் வாயை மந்திரத்தால் கட்டிவைக்கக் "கடல்கட்டி" என்று ஓர் ஆசாமியைச் சம்பளம் கொடுத்துச் சர்க்காரே வைத்திருந்தது. மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிக்கிறவனுடைய பயம் கட்டுப்பட்டது. அந்த மட்டில் அது நியாயமான செலவுதான்.

தூத்துக்குடிப் பக்கத்து முத்துக் குளிப்பு 1961-ம் வருஷத்தோடு ஓய்ந்துவிட்டது. இன்று உலகமெங்கும் முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு "ஸ்கூபா" என்ற பெயரில் செய்கிறார்களே, அது இந்தக் குளிப்புக்கு ஒரு விதத்தில் தம்பி முறை. வித்தியாசம் என்னவென்றால், நம்முடைய குளியாளி பசிக்காக முழுகினான். இவர்கள் பார்ப்பதற்காக முழுகுகிறார்கள். பார்ப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கும் நேயர்களை, நாம் இந்த வாரம் ஈழத்தின் கீழைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கடலடியில் கிடக்கும் பொருள்களைப் பார்த்தால், முந்நூறு நானூறு வருஷத்துச் சரித்திரத்தை யாரோ பெட்டியில் போட்டு ஜலத்துக்கடியில் ஒளித்து வைத்தாற்போல் இருக்கிறது.

முதலில், அங்கே எப்படிப் போவது என்று பார்த்துவிடுவோம்.

1943-ம் வருஷத்தில், பிரான்ஸ் தேசம் ஜெர்மானியர் காலடியில் கிடந்த சமயம், கூஸ்தோ என்ற கடற்படை உத்தியோகஸ்தரும் கான்யான் என்ற எஞ்சினீயரும் சேர்ந்து ஒரு சிறு யந்திரத்தைச் செய்தார்கள். அழுத்தி நிரப்பிய காற்றைக் குப்பியிலிருந்து நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்தில் கடல் எவ்வளவு அமுக்குகிறதோ அவ்வளவு அமுக்கத்தோடு, வாய்க்குள் விடுவது அதன் வேலை. குப்பிக்குள் இருப்பது பிராணவாயு என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தவறு. அதற்குள் இருப்பது நம் வீட்டு முற்றத்தில் வீசும் சாதாரணக் காற்றுத்தான். தனிப் பிராணவாயுவைச் சுவாசித்துக்கொண்டு இருபதடிக்குக் கீழே போனால் அதுவே விஷமாகி வலிப்பை உண்டாக்கிவிடும்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் நம்மேல் இருக்கும் அமுக்கம் இரண்டு மடங்காகிறது. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. ஐம்பது மீட்டரில் ஆறு மடங்கு. அமுக்கம் ஏற ஏற ஒவ்வொரு மூச்சுக்கும் அவ்வளவு மடங்கு காற்றுச் செலவாகும். தரையில் இரண்டு மணி நேரத்துக்குப் போதுமான குப்பி, இருபது மீட்டர் ஆழத்தில் நாற்பது நிமிஷத்தில் காலியாகும். ஐம்பது மீட்டரில் இருபதே நிமிஷந்தான். நேயர்கள் இந்தக் கணக்கைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலிடம் போகும்போது இது தேவைப்படும்.

இன்னொரு விஷயம். கோலி சோடாவின் கோலியை மெதுவாக அமுக்கினால் குமிழி கொஞ்சம் கொஞ்சமாக வரும். படாரென்று உடைத்தால் பொங்கிச் சட்டையை நனைத்துவிடும். ஆழத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து நிற்கிறது. மெதுவாக, இடையில் நின்று நின்று மேலே வந்தால் அது சுவாசத்தோடு சாதுவாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால் நம் உடம்பே சோடாப் புட்டியாகிவிடும். மூட்டுக்களில் தாங்க முடியாத வலி, பக்கவாதம், சில சமயம் மரணம். இறங்குவதைக் காட்டிலும் ஏறுவதில்தான் வித்தை இருக்கிறது.

இனித் திருகோணமலைக்குப் போவோம்.

துறைமுகத்தின் ஓரத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மலை நிற்கிறது. முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தான பாறை. கீழே கருநீலமான ஆழக்கடல். ஸ்வாமி மலை என்று அதைச் சொல்கிறார்கள். பாறையைப் பிளந்தாற்போல் உள்ள இடுக்குக்கு இராவணன் வெட்டு என்று பெயர். மேலே இருக்கும் கோணேசர் ஆலயம் ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் என்பது தேவாரம் படிக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சம்பந்தர் காலத்துக் கோயில் இன்று அங்கே இல்லை. 1620-களின் முற்பகுதியில் போர்த்துகீசியத் தளபதி கான்ஸ்டான்டீனோ டி ஸா அதைத் தரைமட்டமாக்கினான். இடித்த கற்களில் ஒரு பகுதியைக் கொண்டு மலையடிவாரத்தில் கோட்டை கட்டினான். பாண்டிய நாட்டு இரட்டை மீன் பொறித்த கல் ஒன்று அந்தக் கோட்டை வாயிலிலேயே இருக்கிறது. போகிற வருகிற சிப்பாய்கள் எல்லோரும் பார்க்கும்படியாகத்தான் இருக்கிறது. இடித்தவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததனால் தப்பித்தது போலும்! மற்றக் கற்களும் தூண்களும் மலை உச்சியிலிருந்து கடலுக்குள் உருண்டன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் மனத்தைத் தொடுகிற விஷயம். போர்த்துகீசியருக்குப் பின் டச்சுக்காரர், டச்சுக்காரருக்குப் பின் இங்கிலீஷ்காரர் என்று கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. கோயில் மட்டும் இல்லை. ஆனாலும் ஜனங்கள் வருவதை நிறுத்தவில்லை. வெறும் பாறையின் விளிம்பில் நின்றுகொண்டு பூசாரி கற்பூரம் காட்டி, பூவையும் பழத்தையும் தேங்காயையும் கடலில் போடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்த்த வெள்ளைக்காரர்கள் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடலுக்கா பூசை செய்கிறார்கள் என்று அவர்களுக்கு ஆச்சரியம். அந்தப் பூவும் தேங்காயும் போய் விழுந்த இடத்தில்தான் கோயில் கிடந்தது என்பதை அவர்கள் அறியவில்லை.

கிட்டத்தட்ட 330 வருஷம் கழித்து அதைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு இங்கிலீஷ்காரர்கள். ஒருவர் ஆர்தர் கிளார்க். பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்தித் தொடர்புத் துணைக்கோள்களைப் பற்றி 1945-லேயே எழுதிய விஞ்ஞான ஆசிரியர் இவர்தான். 1956 முதல் 2008-ல் காலமாகும் வரையில் இலங்கையிலேயே வாழ்ந்தார். இன்னொருவர் மைக் வில்சன், முழுகுவதில் சூரர். 1956-ம் வருஷம் ஸ்வாமி மலையின் அடியில் இவர்கள் இறங்கியபோது பாசியும் பவளமும் படர்ந்த பாறைகளுக்கு நடுவில் சில கற்கள் ஒழுங்காகச் சதுரித்துக் கிடப்பதைக் கண்டார்கள். உருண்டையான தூண்கள், செதுக்கின கற்கள், கட்டடத்துக்கென்று குடைந்த குழிகள்! கடல் இப்படி வேலை செய்யாது. சிற்பியின் உளிதான் செய்யும். வில்சன் அங்கே ஒரு சிவலிங்கத்தையும் கண்டெடுத்தார். அது கரைக்கு வந்தது. மலை மேல் வைத்துப் பூசிக்கப்படலாயிற்று. கிளார்க் இந்த அனுபவங்களை எல்லாம் 1957-ல் ஒரு புத்தகமாக எழுதினார்.

இதற்கு ஆறு வருஷம் முன்னால், 1950-ல், மலைக்குச் சற்று தூரத்தில் கிணறு வெட்டினவர்களுக்கு சோமாஸ்கந்தர் முதலான பஞ்சலோக விக்கிரகங்கள் கிடைத்திருந்தன. படையெடுப்புக்குப் பயந்து யாரோ புதைத்து வைத்தவை. ஆக, பூமி பாதியைத் திருப்பிக் கொடுத்தது. கடல் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. 1963-ல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. மைக் வில்சன் பிற்காலத்தில் குடும்பத்தை விட்டுக் காவி உடுத்து "ஸ்வாமி சிவ கல்கி" என்ற நாமத்தோடு துறவியானார். லிங்கத்தைக் கையால் தூக்கினதன் பலன் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். அதைப் பற்றி நாம் அபிப்பிராயம் சொல்வதற்கில்லை.

இந்தக் கற்கள் அதிக ஆழத்திலும் இல்லை. புதிதாகப் பழகினவர்கள் கூடப் பார்க்கலாம். பாறையின் வெடிப்புக்களில் அஞ்சாலை மீன் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, வாடகை பாக்கிக்காரனைப் போல், வருகிறவர்களை முறைத்துப் பார்க்கிறது. கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் "நற நற" என்னும் சப்தம் காதுக்கு நன்றாகக் கேட்கிறது. எல்லாம் நீலமாகத் தெரிகின்றனவே, வர்ணங்கள் எங்கே போயின என்று திகைக்க வேண்டாம். கதிரவன் ஒளியில் சிவப்பை முதலில் கடல் விழுங்கிவிடுகிறது. கையில் விளக்கைக் கொளுத்தினால் அந்தக் கணமே சிவப்பும் ஆரஞ்சும் பாறை முழுதும் பூத்துக்கொள்ளும்.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரில் புறாத் தீவு இருக்கிறது. அங்கே முழுகவும் வேண்டாம். முகமூடியை மாட்டிக்கொண்டு மிதந்தாலே பவளப் பார்களைக் காணலாம். வெள்ளைக்காரக் கடற்படையார் அந்தத் தீவைக் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு உபயோகித்தார்கள். அதையும் பவளம் சகித்துக்கொண்டது. 1998-ல் கடல் அளவு மீறிக் காய்ந்து இலங்கையின் பவளங்கள் பெரும்பாலும் வெளுத்து மடிந்தபோது கூட இந்தப் பக்கம் ஓரளவு தப்பியது. 2003-ல் தேசீய வனம் என்று விளம்பரம் செய்தார்கள். 2009-ல் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்த பிறகு வந்த உல்லாசிகளின் காலை மட்டும் பவளத்தால் சகிக்க முடியவில்லை. நிற்பதற்கு ஒரு கல் என்று நினைத்து அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். அது கல் அல்ல. உயிருள்ள பிராணிகளின் குடியிருப்பு. வருஷத்துக்கு விரற்கடை அளவு கூட வளராத ஜாதிகள் அதில் உண்டு. பேரன் பார்க்க வேண்டியதை ஒரு மிதியில் பாட்டனார் முடித்துவிடுகிறார்.

இனிக் கப்பல்.

1942 ஏப்ரல் மாதத்தை நம் வீட்டுப் பாட்டிமார்கள் மறந்ததில்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியாயிற்று. வண்டி கிடைத்தவர்கள் வண்டியிலும் கிடைக்காதவர்கள் நடந்தும் கிராமங்களுக்குப் போனார்கள். மிருகக் காட்சிசாலையின் துஷ்ட மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதம் 6-ந் தேதி விசாகப்பட்டணத்திலும் காகிநாடாவிலும் குண்டு விழுந்தது. அதற்கு முந்திய நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு. 9-ந் தேதி காலையில் திருகோணமலை.

அங்கே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இருந்தது. விமானம் தாங்குவதற்கென்றே முதன் முதலில் திட்டம் போட்டுக் கட்டத் தொடங்கிய கப்பல் அது. நீளம் 600 அடி. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததும் 8-ந் தேதி இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கே ஓடியது. சரியான காரியந்தான். ஆனால் தன் விமானங்களைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிற்று! மறுநாள் காலை அது மட்டக்களப்புக்கு எதிரே கடலில் இருப்பதை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. 80-க்கு மேற்பட்ட குண்டு வீச்சு விமானங்கள் வந்தன. விமானந்தாங்கியைக் காப்பாற்ற ஆகாயத்தில் ஒரு விமானங்கூட இல்லை. கரையிலிருந்து சண்டை விமானங்களை அழைத்த செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ நாற்பது குண்டுகள் பட்டன. அரைமணி நேரத்துக்குள் கப்பல் கவிழ்ந்து மறைந்தது. கப்பல் தலைவர் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டார்கள். அதற்குத் துணையாக வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும், அந்தப் பக்கத்தில் அகப்பட்ட ஹாலிஹாக், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்னும் கப்பல்களும் அதே நாளில் மூழ்கின. வீடா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் அருகில் இருந்ததனால் நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். ஜப்பானியர் அந்தக் கப்பலைத் தொடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே தினங்களில் டில்லியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நேயர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஸர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ் வந்திருந்தார். காங்கிரஸ் தலைவர்களோடு பேச்சு. பேச்சு முட்டிக்கொண்டு நின்றது எந்த இடத்தில்? தேசப் பாதுகாப்பு இலாகா யார் கையில் இருப்பது என்ற இடத்தில். அந்தப் பொறுப்பை இந்தியர்களிடம் ஒப்படைத்தால் யுத்தம் கெட்டுவிடும் என்றார்கள். ஏப்ரல் 10-ந் தேதி காங்கிரஸ் திட்டத்தை நிராகரித்தது. 9-ந் தேதி, அந்தப் பாதுகாப்பின் திறமை மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தது. இதைக் காட்டிலும் பலமான வாதத்தை எந்த வக்கீலாலும் எடுத்துச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் ஏகாதிபத்தியம் வேறு, அந்தக் கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்ற பையன் வேறு. அவனுக்குக் கிரிப்ஸையும் தெரியாது, இலாகாவையும் தெரியாது. பத்தொன்பது இருபது வயதில் ஊர் பேர் தெரியாத கடலில் போய்ச் சேர்ந்தான். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

ஹெர்மிஸ் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், 50 மீட்டருக்கும் சற்று அதிகமான ஆழத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. பாதி உடைந்த மேல்தளமும் பீரங்கிகளும் அடையாளம் தெரிகின்றன. பெரிய களவா மீன்கள் அதைத் தங்கள் அரண்மனையாக்கிக்கொண்டன. பாரை மீன்கள் கூட்டங் கூட்டமாகச் சுற்றுகின்றன. ஆனால் மேலே சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆழத்தில் ஒரு குப்பிக் காற்று இருபது நிமிஷத்துக்குக் கூட நிச்சயமில்லை. முப்பது மீட்டர் தாண்டினாலே நைட்ரஜன் மூளையில் கள் குடித்தாற்போன்ற மயக்கத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. வேடிக்கைக்காக முழுகுகிறவர்களுக்கு நாற்பது மீட்டர்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே ஹெர்மிஸைப் பார்ப்பது, விசேஷப் பயிற்சியும் விசேஷக் காற்றுக் கலவையும் உள்ளவர்களுக்கே தகும். மற்றவர்கள் பிரிட்டிஷ் சார்ஜண்டைப் பார்க்கலாம். பாசிக்குடாப் பக்கத்தில் 25 மீட்டர் சுமாரில் கிடக்கும் எண்ணெய்க் கப்பல் அது.

அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டடிபட்ட இன்னொரு கப்பல் ஸகாயிங். விமானங்களோடும் வெடிமருந்தோடும் ஏராளமான விஸ்கியோடும் பீரோடும் வந்து சேர்ந்தது. மதுவிலக்கு ஊழியர்கள் திருப்தி அடையலாம். 1943-ல் அதை வேண்டுமென்றே மூழ்கடித்து அதன்மேல் இறங்குதுறை அமைத்தார்கள். 2018-ல் இலங்கைக் கடற்படையின் முழுகு வீரர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டு அதை மிதக்கச் செய்து, துறைமுகத்துக்கு வெளியே கொண்டு போய் மறுபடியும் மூழ்கடித்தார்கள். அந்தக் கரையைச் சேர்ந்தவர்களே செய்த வேலை என்பதால் இதை நாம் விசேஷமாகக் குறிப்பிடுகிறோம்.

கடலடியில் கிடப்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கே வந்துவிடுகிறது. கோணேசர் லிங்கத்தை வில்சன் எடுத்தார். எடுத்ததை நாம் குறை சொல்வோமா? மாட்டோம். பறிக்கப்பட்ட இடத்துக்கே அது திரும்பிப் போயிற்று. அதே வில்சன் 1961-ல் இலங்கையின் தென்கிழக்குக் கோடியில், கிரேட் பாஸஸ் என்று வரைபடத்தில் போட்டிருக்கும் பாரில், ஒரு பழைய கப்பலின் வெள்ளியைக் கண்டார். அந்தப் பாரை அவ்வூரார் மகா ராவணன் கோட்டை என்கிறார்கள். எல்லாம் ஔரங்கசீப் பாதுஷாவின் சூரத் நாணயசாலையில், ஹிஜ்ரி 1113-ல், அதாவது 1702-ஐ ஒட்டி அடித்த ரூபாய்கள். யார் கையிலும் புழங்காத புது நாணயங்கள். ஆயிரம் ஆயிரமாகப் பையில் கட்டி அனுப்பியவை, பை மக்கிப் போய், பையின் வடிவத்திலேயே ஒன்றோடொன்று இறுகி வெள்ளிக் கட்டிகளாகக் கிடந்தன. ஒரு கட்டி வாஷிங்டன் மாநகரத்துக் காட்சிசாலை வரையில் போயிற்று. நம் தேசத்து உழவன் கட்டின வரி, சூரத்தில் ரூபாயாகி, இலங்கைக் கடலில் மூழ்கி, அமெரிக்கக் கண்ணாடிப் பெட்டியில் போய் அமர்ந்திருக்கிறது. திருட்டு என்று அதைச் சொல்ல மாட்டோம். அந்தக் காலத்துச் சட்டம் அவ்வளவுதான். ஆனால் யாராவது ஒரு சரித்திர ஆசிரியர் பக்கத்தில் நின்று, கப்பல் எப்படிக் கிடந்தது, எந்தப் பொருள் எதன் கீழே இருந்தது என்று ஆதியிலிருந்தே குறித்து வைத்திருந்தால், வெள்ளியைக் காட்டிலும் பெரிய லாபம் கிடைத்திருக்கும். நாணயத்தை எடுத்தால் நாணயம் கிடைக்கும்; கிடந்தபடியே ஆராய்ந்தால் கதை கிடைக்கும்.

ஹெர்மிஸைப் பொறுத்த வரையில் நம்முடைய அபிப்பிராயம் திட்டமானது. அதிலிருந்து ஒரு திருகாணியைக் கூட எடுக்கக் கூடாது. அது மயானம். நம் ஊர் மயானத்தில் நாம் என்ன செய்ய மாட்டோமோ அதை அந்நியன் மயானத்திலும் செய்யக் கூடாது. அவன் நம்மை ஆண்டவனாயிருந்தாலும் சரி. இது வீண் பயம் என்று நினைப்பவர்கள் ஜாவாக் கடலில் நடந்ததைக் கேட்க வேண்டும். அதே 1942-ம் வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே மூழ்கிய டச்சு, பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்களில் சிலவற்றைக் காணவில்லை என்று 2016-ல் தெரிய வந்தது. ஆயிரக் கணக்கான டன் இரும்பைப் பழைய இரும்பு வியாபாரிகள் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டு போய்விட்டார்கள். மணலில் கப்பல் கிடந்த பள்ளம் மட்டும் மிச்சம். உள்ளே இருந்த எலும்புகள் எங்கே போயின என்று யாரும் சொல்லவில்லை.

யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் 2001-ல் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். நூறு வருஷம் நீருக்கடியில் கிடந்தவை பாதுகாக்கப்பட வேண்டிய புராதனச் சொத்து என்பது அதன் சாரம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஹெர்மிஸுக்கு நூறு வயது நிரம்புவது 2042 ஏப்ரலில்! அதுவரையில் அதற்குக் காவல் யார்? போலீஸ்காரனை ஐம்பது மீட்டர் ஆழத்தில் நிறுத்த முடியாது. தினந்தோறும் அந்தக் கடலில் வலை வீசும் மட்டக்களப்பு மீனவர்தான் காவல்; வேறு வழியில்லை. எங்கே கப்பல் கிடக்கிறது என்பதை முதலில் அறிந்தவர்கள் அவர்கள். வலை எங்கே சிக்குகிறது, களவா எங்கே அகப்படுகிறது என்பதைக் கொண்டே சொல்லிவிடுவார்கள். முழுக வருகிற அந்நியர்களிடம் படகு வாடகைக்கும் குப்பி தூக்கும் கூலிக்கும் மேல் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அந்தப் பிள்ளைகளுக்கே முழுகுவித்தையைக் கற்றுக் கொடுத்து, வழி காட்டும் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்தால், சட்டியில் வெடிமருந்தைத் திணித்து மீன் கொல்லும் பாபத்தை அவர்களே தடுப்பார்கள். வெடி வைத்துப் பிடித்த மீன் ஒரு நாள் விலை போகும். கப்பலைக் காட்டிப் பிழைத்தால் வருஷா வருஷம் விலை போகும். இந்தக் கணக்குப் புரியாத மீனவன் கிடையாது.

நம் பக்கத்துக் கதையும் இதைப் போன்றதுதான். மன்னார்க் குடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் வரையிலுள்ள தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டினோம். அரணாக நின்ற பாறை போனதும் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1986-ல் கடல் தேசீய வனம் ஏற்பட்டது. மிஞ்சியவை 21 தீவுகள். இதை வேறொரு வாரம் விரிவாக எழுத உத்தேசம்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பெட்டி கட்டத் தொடங்கும் நேயர்களுக்கு இரண்டொரு குறிப்பு. கீழைக் கடற்கரையில் கடல் தெளிந்திருப்பது சுமாராக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில். வாடைக்காற்று வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. காற்றுக் கிளம்புவதற்கு முன், விடியற்காலையில் படகு ஏற வேண்டும். ஆரம்பப் பாடம் மூன்று நான்கு நாளில் முடியும். பத்து வயது நிரம்பிய குழந்தைகளும் கற்கலாம். பெண்கள் கற்கலாமா என்று ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். தாராளமாகக் கற்கலாம், அலட்டிக்கொள்ளாமல் நிதானமாக மூச்சு விடுகிறவர்களுக்குக் காற்று அதிக நேரம் நிற்கும். காது நோய், காசம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் இறங்கக் கூடாது. ஜலதோஷம் பிடித்த அன்றைக்குக் கண்டிப்பாக வேண்டாம். காது அடைத்துக்கொண்டு செவிப்பறை கிழியும்.

முழுகி எழுந்த அன்றே ஆகாய விமானம் ஏறலாகாது. மேலே போகப் போக அமுக்கம் குறைவதனால் சோடாப் புட்டிக் கதை மறுபடியும் ஆரம்பித்துவிடும். குறைந்தது 18 மணி நேரம், கூடுமானால் ஒரு நாள் முழுவதும் தரையில் கழிக்க வேண்டும். மட்டக்களப்பிலேயானால் அந்த நேரம் போவதே தெரியாது. விபுலாநந்த அடிகளைப் பெற்ற சீமை அது. நிலாக் காலமானால் இரவில் வாவிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறு நுனியைக் காதோடு வைத்துக் கேட்டால், மீன் பாடுவது கேட்கும் என்கிறார்கள்.